வன்தட்டின் அளவும் மரக்காலின் பெயரும்

புதிதாக வாங்கிய வன்தட்டு தன் கொள்ளளவைக் குறைத்துக் காட்டுவது, வீட்டில் கணினி வைத்திருக்கும் எவருக்கும் நேர்ந்திருக்கக்கூடிய அனுபவம். பெட்டியின் மேல் 160 ஜிகாபைட் என்று அச்சிட்டிருப்பார்கள். திரையில் 149 என்று வரும். ஒரு டெராபைட் என்று எழுதியிருக்கும். 931 ஜிகாபைட் என்று வரும். பெரும்பாலோர் ஒருமுறை முகம் சுளித்துவிட்டு மறந்துவிடுவார்கள். எங்களால் அப்படி மறக்க முடியாமற் போயிற்று. இந்தச் சிறு கணக்கைச் சரியாக விளங்கிக்கொள்ளாத குற்றத்துக்கு நானூறு பக்கங்களைத் தண்டமாகக் கட்டினோம். நாங்கள் தேடிய எந்த நூலகத்திலும் அந்தப் பக்கங்கள் மீண்டும் கிடைக்கவில்லை. இழப்பின் காரணத்தைத் தேடிப் போனபோது, எண்களுக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு ஒன்று இருப்பது தெரிந்தது. அதை இங்கே சொல்ல முயல்கிறோம்.

நாங்கள் நால்வர். பழைய சிற்றிதழ்களை, குறிப்பாக மாவட்டத் தலைநகரங்களில் தோன்றிச் சில இதழ்களோடு நின்றுபோனவற்றை, பரண்களிலிருந்து இறக்கிப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து சேர்ப்பது எங்கள் விடுமுறை நாள் வேலை. 2004இல் முதியவர் ஒருவர் தம் வாழ்நாள் சேகரிப்பை எங்களிடம் இரவலாகத் தந்தார். மூன்று மாதத்தில் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கறுப்பு வெள்ளைச் சாயல்களோடு பதிந்தால், சுருக்காத நிலையில் ஏறத்தாழ 87 இலட்சம் பைட் ஆகும். எங்கள் கணினியில் இருந்த 40 ஜிகாபைட் வன்தட்டில் இடம் போதவில்லை. நால்வரும் பணம் போட்டு 160 ஜிகாபைட் வன்தட்டு ஒன்றை வாங்கினோம்.

பொருத்திப் பார்த்தபோது திரையில் 127 ஜிகாபைட் என்று வந்தது. கடைக்காரரிடம் போய்க் கேட்டோம். "கம்பெனிக் கணக்கு வேற, கம்ப்யூட்டர் கணக்கு வேற சார். எல்லா டிஸ்க்கும் கம்மியாத்தான் காட்டும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதியைப் பிரித்தறியும் அறிவு அப்போது எங்களுக்கு இல்லை.

நண்பர் ஒருவரின் புதிய கணினியில் அதே தட்டைப் பொருத்தினோம். 149 என்று காட்டியது. மகிழ்ந்து, அங்கேயே அதை ஒரே பகுதியாக வடிவமைத்து, எங்கள் பழைய கணினிக்குக் கொண்டுவந்தோம். இப்போது எங்கள் கணினியும் 149 என்றே காட்டியது. காணாமற்போன 22 ஜிகாபைட்டை மீட்டுவிட்டோம் என்று நம்பினோம். முதியவரின் இதழ்களைத்தான் முதலில் அதில் ஏற்றினோம். சொன்ன நாளில் மூலப் பிரதிகளைத் திருப்பிக் கொடுத்தோம்.

இரண்டு படிகள்

கடைக்காரர் சொன்ன பாதி உண்மையை முதலில் பார்ப்போம்.

முதல் வன்தட்டு 1956 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் உருவான ராமாக் என்னும் கணினியின் உறுப்பு அது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை. அது கொண்டது 50 இலட்சம் எழுத்துகள். கணக்கைக் கவனியுங்கள்: 50,000 துண்டங்கள், துண்டத்துக்கு 100 எழுத்துகள். இரண்டின் அடுக்கு என்ற பேச்சே அங்கு இல்லை. வணிகர்களின் கணக்கேடுகளை வைப்பதற்காகப் பிறந்த வன்தட்டு, வணிகர்களின் பத்துக் கணக்கிலேயே பிறந்தது. அப்போது பைட் என்னும் சொல்லும் பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அதே ஆண்டில் அதே நிறுவனத்தில் வெர்னர் புக்ஹோல்ஸ் உருவாக்கிய சொல் அது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்ற வழக்கம் வேரூன்றியது 1964இல் வந்த ஐபிஎம் 360 வரிசைக் கணினிகளால்தான்.

கணினியின் நினைவகம் வேறு வழியில் வளர்ந்தது. நினைவகத்தின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரி மின்கம்பிகளின் வழியே செல்கிறது. ஒரு கம்பிக்கு இரண்டு நிலைகள்தாம். ஒரு கம்பி கூடினால் அறைகள் இரு மடங்காகும். பத்துக் கம்பிகள் இருந்தால் 1,024 அறைகள். இந்த 1,024 என்பது ஆயிரத்துக்கு மிக அருகில் இருந்ததால், பொறியாளர்கள் அதையே கிலோ என்று அழைக்கத் தொடங்கினார்கள். எளிமைக்காகச் செய்த சமரசம் அது. 24 அறைகள் கூடுதலாக இருப்பதைப் பற்றி அப்போது எவரும் கவலைப்படவில்லை.

ஆனால் இந்தச் சிறு பிசகு வட்டிக்கு வட்டி போல ஏறுகிறது. கிலோவில் 2.4 சதவீதமாக இருந்த வேறுபாடு, மெகாவில் 4.9 ஆகிறது, ஜிகாவில் 7.4 ஆகிறது, டெராவில் ஏறத்தாழ 10 ஆகிவிடுகிறது. வன்தட்டைச் செய்தவர்கள் பதின்மக் கணக்கில் 160 என்று அச்சிட்டார்கள்: அதாவது 16,000 கோடி பைட். விண்டோஸ் இயங்குதளம் அதே தொகையை 1,024ஆல் மும்முறை வகுத்து 149 என்று காட்டியது. ஒரு பைட்டும் காணாமற் போகவில்லை. ஒரே நெல்லை இரண்டு படிகளால் அளந்திருக்கிறார்கள். இரண்டு படிகளுக்கும் ஒரே பெயர் இட்டிருக்கிறார்கள். குழப்பம் முழுவதும் அந்தப் பெயரில்தான்.

இரண்டு படிகளையும் ஒன்றாகக் கலந்த விசித்திரமும் நடந்தது. நம்மில் பலர் பயன்படுத்திய மூன்றரை அங்குல நெகிழ்தட்டின் மேல் 1.44 மெகாபைட் என்றிருக்கும். அதன் உண்மையான அளவு 14,74,560 பைட். பதின்மக் கணக்கில் அது 1.47 மெகாபைட், இருமக் கணக்கில் 1.41. பிறகு 1.44 எங்கிருந்து வந்தது? 1.44ஐ முதலில் 1,000ஆலும் பின்பு 1,024ஆலும் பெருக்கிப் பாருங்கள். உலகமெங்கும் கோடிக்கணக்கான தட்டுகளில் அச்சான அந்த எண், எந்த அளவையிலும் சேராத கலப்பு எண்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இரண்டு கணக்குகளும் அந்நியமானவையல்ல. நம் முகத்தலளவை பெரும்பாலும் இரட்டித்தே வளர்ந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. பெருக்கிப் பார்த்தால் ஒரு தூணிக்கு 256 ஆழாக்கு. கணினிக்காரர்கள் நன்கறிந்த எண் இது. ஒரு பைட் ஏற்கக்கூடிய வெவ்வேறு மதிப்புகளின் எண்ணிக்கையும் இதுவே. பாதி, பாதியில் பாதி என்று கையால் பகுக்கும் இடங்களிலெல்லாம் இரண்டின் அடுக்குகள் இயல்பாகத் தோன்றுகின்றன.

நம் முன்னோர் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு மாறியதும் உண்டு. ராமாக் வெளியான அதே 1956இல் இந்திய நாடாளுமன்றம் எடை, அளவைத் தரச் சட்டத்தை இயற்றியது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு போய், நூறு நயா பைசா வந்தது. நாலணா 25 பைசாவாகப் பிசிறின்றி மாறியது. ஓரணாவோ ஆறேகால் பைசாவாயிற்று. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஆகவே ஓரணாவுக்கு ஆறு பைசா என்றே மாற்றுப் பட்டியல் வகுத்தார்கள். ஆயினும் அன்று ஒரு நற்காரியம் செய்தார்கள். புதிய காசுக்கு 'நயா' என்ற அடைமொழியைக் கொடுத்தார்கள். எந்தக் கணக்கில் பேசுகிறோம் என்பது சொல்லிலேயே இருந்தது. மக்கள் பழகிய பிறகு, 1964இல் அந்த அடைமொழி நீங்கியது.

கணினி உலகம் இந்த அடைமொழியைத் தேட நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 1998 டிசம்பரில்தான் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம், இருமக் கணக்குக்கென்று கிபி, மெபி, ஜிபி என்னும் தனி முன்னொட்டுகளை ஏற்றுக்கொண்டது. (இந்த 'ஜிபி' ஒரு முன்னொட்டு; நாம் பேச்சில் ஜிகாபைட்டைச் சுருக்கிச் சொல்லும் 'ஜிபி' வேறு. தீர்வாக வந்த சொல்லே தமிழில் புதிய குழப்பமாகிறது!) அதற்குள் பழைய வழக்கம் ஊறிப்போயிருந்தது. அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2006இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனமும் 2007இல் சீகேட் நிறுவனமும் தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே உடன்பாட்டுக்கு வந்தன. முன்னது வாங்கியவர்களுக்குப் படியெடுத்துக் காக்கும் மென்பொருள் ஒன்றை இலவசமாகத் தந்தது; பின்னது விலையில் ஐந்து சதவீதம் அல்லது அத்தகைய மென்பொருள் என்றது. 2009இல் ஆப்பிள் நிறுவனம் தன் இயங்குதளத்தைப் பதின்மக் கணக்குக்கு மாற்றிக்கொண்டது. விண்டோஸ் இன்றும் 1,024ஆல் வகுத்துவிட்டு, பழைய பெயரையே பக்கத்தில் எழுதுகிறது.

கடைக்காரர் சொன்ன பாதி உண்மை இவ்வளவுதான். 160, 149 ஆவதற்கு இது போதுமான விளக்கம். 149 எப்படி 127 ஆகும்? அதற்கு வேறு வரலாறு இருக்கிறது.

மதில்கள்

வன்தட்டில் ஒரு செய்தியை எழுத வேண்டுமானால், எந்தத் துண்டத்தில் என்று முகவரி சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் செக்டர் எனப்படும் இத்துண்டம் நெடுங்காலம் 512 பைட் கொண்டதாக இருந்தது. முகவரியை எழுத எத்தனை இலக்கம் ஒதுக்கினார்களோ, அத்தனை துண்டங்களைத்தான் கணினியால் அடைய முடியும். தட்டு எவ்வளவு பெரிதாயினும் முகவரி எட்டாத இடம் இல்லாத இடமே. கடிதத்தின் மேல் கதவு எண் எழுத இரண்டு கட்டம் மட்டுமே அச்சிட்டிருந்தால், நூறாவது வீட்டுக்குக் கடிதம் போக வழியில்லை.

முதல் பெரிய மதில் 1990களின் முற்பகுதியில் எதிர்ப்பட்டது. கணினியைத் தட்டியெழுப்பும் அடிப்படை நிரலான பயாஸ், முகவரியை மூன்று பகுதியாக எழுதியது: சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8 பிட், துண்டத்துக்கு 6 பிட். வன்தட்டின் இணைப்பு முறையோ அதே மூன்றுக்கு 16, 4, 8 என்று ஒதுக்கியிருந்தது. இரண்டையும் வகுத்தவர்கள் வேறு வேறு. ஒருவர் கணக்கு ஒருவருக்குப் பொருந்தும்படி வகுக்கப்பட்டதன்று. முகவரி இரண்டு வாயில்களையும் கடந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொன்றிலும் குறுகியதே நின்றது: 10, 4, 6. பெருக்கினால் 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 துண்டம்; துண்டங்களின் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்தன்றி ஒன்றிலிருந்து தொடங்குவதால் 64 அன்று, 63. மொத்தம் 52,84,82,304 பைட். இருமக் கணக்கில் 504 மெகாபைட். தனித்தனியே பார்த்தால் இரண்டும் இதைவிடப் பன்மடங்கு பெரிய தட்டைத் தாங்கும். சேர்ந்தபோது இரண்டின் குறைகள் மட்டும் கூட்டணி அமைத்தன.

இந்த மதிலை ஒரு மொழிபெயர்ப்பால் தாண்டினார்கள். தட்டு சொல்லும் முகவரியைப் பயாஸ் தனக்கு ஏற்ற வடிவில் மாற்றிப் படித்துக்கொண்டது. அது 840 கோடி பைட்டுக்குச் சற்று மேல் வரை தாங்கியது. அங்கே அடுத்த மதில். அதையும் தாண்ட, மூன்று பகுதி முகவரியைக் கைவிட்டு, துண்டங்களுக்கு முதலிலிருந்து கடைசி வரை வரிசை எண் இடும் முறைக்கு வந்தார்கள். அந்த வரிசை எண்ணுக்கு எத்தனை பிட்? 28. ஏன் 28? பழைய 16, 4, 8 என்னும் மூன்று பெட்டிகளையும் அப்படியே ஒட்டிச் சேர்த்தார்கள், கூட்டினால் 28. வீட்டின் உருவம் மாறியும் பழைய அடித்தளத்தின் நீள அகலம் மாறவில்லை.

28 பிட்டால் 26,84,35,456 துண்டங்களைச் சுட்டலாம். அதாவது 13,743 கோடி பைட்டுக்குச் சற்று மேல். இருமக் கணக்கில் 128 ஜிகாபைட். ஒரு மயிரிழை குறைவதால் திரையில் 127 என்று தெரியும். 1994இல் முதல் ஏடிஏ தரம் வெளியானபோது வீட்டுக் கணினிகளின் வன்தட்டுகள் சில நூறு மெகாபைட் அளவினவே. அதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு இடம் விட்டு வைத்தவர்களைக் குறுகிய நோக்கினர் என்று நாம் பழிக்க முடியாது. எட்டே ஆண்டுகளில் அந்த இடம் போதாமற் போயிற்று. 2002இல் வெளியான ஏடிஏ-6 தரம் முகவரியை 48 பிட்டாக விரித்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அதைக் கற்றுக்கொடுத்தது 2002 செப்டம்பரில் வந்த சர்வீஸ் பேக் 1.

எங்கள் கணினி 2002 தொடக்கத்தில் வாங்கியது. இணையத் தொடர்பு இல்லாததால் எந்தச் சர்வீஸ் பேக்கும் அதில் ஏறவில்லை.

சரியான எண் செய்த தீங்கு

இப்போது நடந்ததைச் சொல்லலாம். 127 என்று முதலில் காட்டியபோது எங்கள் கணினி தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லியிருந்தது: "இதற்கு மேல் எனக்கு எட்டாது." நாங்கள் அதைக் கோளாறு என்று கொண்டோம். புதிய கணினியில் வடிவமைத்துக் கொண்டுவந்தபோது, தட்டின் முகப்பில் எழுதப்பட்டிருந்த பகுதி அட்டவணையைப் படித்து அது 149 என்று ஒப்பித்தது. எட்டும் தூரம் மட்டும் மாறவேயில்லை.

2006இல் ஒரு ஞாயிறு மாலை. சிறிய தட்டில் சேர்ந்திருந்த நானூறு புதிய பக்கங்களைப் பெரிய தட்டுக்கு ஒரே மூச்சில் நகர்த்தினோம். எங்கள் கணக்குப்படி அதில் அப்போது 15,800 பக்கங்களை நெருங்கியிருந்தோம். 87 இலட்சத்தால் பெருக்கிப் பார்த்தால், சரியாக அந்த 28 பிட் மதிலின் அடியில் வந்து நின்றிருந்தோம். மதிலைத் தாண்டிய முதல் துண்டத்துக்கு 29ஆம் பிட் வேண்டும். அதை எழுத இடமில்லாததால், எஞ்சிய 28 பிட்டும் பூச்சியமாகி நின்றன. பூச்சியம் என்பது தட்டின் முதல் துண்டம். செக்குமாடு சுற்றி வந்ததுபோல, எழுத்து தொடக்கத்துக்கே திரும்பியது. புதிய பக்கங்கள் ஒவ்வொன்றாக முதியவரின் பக்கங்கள் மீது ஏறி அமர்ந்தன. எந்த எச்சரிக்கையும் திரையில் வரவில்லை. நகர்த்தல் முடிந்தது என்றே காட்டியது.

மறுநாள் காலை அந்தத் தட்டு வெறுந்தட்டாக நின்றது. புதிய தட்டுப் போலத் தயார்செய்யட்டுமா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்றோம். அந்த விவகாரம் முழுவதிலும் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

பழுதுநீக்கும் இளைஞர் ஒருவர் தட்டைக் கழற்றிக் கொண்டுபோய், அதில் எதையும் எழுதாமல், மீட்பு மென்பொருளால் படங்களைத் தேடியெடுத்தார். கோப்புகளின் பெயர்களும் அடைவுகளும் அழிந்துவிட்டதால், படங்கள் மட்டும் வந்தன. எந்த இதழ், எந்த மாதம், எத்தனையாவது பக்கம் என்ற எந்தக் குறிப்பும் இல்லாத ஆயிரமாயிரம் படங்கள். கட்டு அவிழ்ந்து சிதறிய ஏட்டுச்சுவடிகளை அடுக்குவது எப்படி என்று வகுப்பில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். இப்போது அந்த வேலை எங்கள் தலையில் விழுந்தது. பக்க எண்ணைப் பார்த்தோம். தொடர்கதையின் போக்கைப் பார்த்தோம். அச்சகத்தின் தேய்ந்த எழுத்துருவைப் பார்த்தோம். எல்லாவற்றையும்விட உதவியது இராமபாணப் பூச்சி. ஓர் இதழை அது துளைத்தால் அடுத்தடுத்த பக்கங்களில் அதே இடத்தில் அதே வடிவத் துளை இருக்கும். மெல்ல மெல்லத்தான் வடிவம் மாறும். துளைகளைப் பின்தொடர்ந்து சென்றே பல இதழ்களை ஒழுங்குபடுத்தினோம். நூல்களின் பகை என்று நாங்கள் சபித்திருந்த பூச்சி அடையாளம் சொல்லிற்று. எட்டு மாதங்கள் ஆயின.

மேலெழுதப்பட்ட நானூறு பக்கங்கள் வரவில்லை. மூலத்தைத் தேடிப் போனோம். முதியவர் முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார். வீடு மாறும்போது பழைய காகிதங்களை எடைக்குப் போட்டுவிட்டதாக அவர் மகள் சொன்னார். "நீங்கதான் எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வச்சிருக்கீங்களேன்னு நெனச்சோம் சார்" என்றார். அந்தச் சொல்லுக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை.

இன்றைக்கு

மதில்கள் தீர்ந்துவிடவில்லை. தட்டின் பகுதிகளைக் குறிக்கும் பழைய அட்டவணை முறை 1983இல் வந்தது. அதில் துண்டத்தின் எண்ணுக்கு 32 பிட். அதன் எல்லை 2.2 டெராபைட். மூன்று டெராபைட் வன்தட்டுகள் 2010ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்தபோது, சில கணினிகளில் அவை வெறும் 746 ஜிகாபைட் என்று காட்டின. அந்த எண் தற்செயலானதன்று. மூன்று டெராபைட்டிலிருந்து 32 பிட் எல்லையைக் கழித்தால் எஞ்சுவதுதான் 746. அதே செக்குமாடு, பெரிய செக்கில். ஜிபிடி எனப்படும் புதிய அட்டவணை முறை இந்த எல்லையை நீக்கியது.

ஆகவே எண் குறைந்து காட்டினால், முதலில் வகுத்துப் பாருங்கள். அட்டையிலுள்ள ஜிகாபைட்டை 1.074ஆல், டெராபைட்டை 1.0995ஆல் வகுத்து வரும் விடை திரையில் இருந்தால், குறை ஒன்றுமில்லை. படி வேறு, அவ்வளவே. அதற்கும் கீழே இருந்தால், அந்த எண்ணை உற்றுப் பாருங்கள். 127 அல்லது 128 என்றால் 28 பிட் மதில். ஏறத்தாழ 2,048 ஜிகாபைட்டில் நின்றால், அல்லது மூன்று டெராபைட் தட்டு 746 என்றால், 32 பிட் மதில். அட்டவணை முறையையும், வெளியே வைக்கும் தட்டாயின் அதன் இணைப்புப் பெட்டியையும் பாருங்கள். பழைய தட்டுகளில் 32 ஜிகாபைட் என்று காட்டினால், அளவைக் குறைப்பதற்கென்றே தட்டின் பின்புறம் ஒரு சிறு ஜம்பர் பொருத்தியிருக்கலாம். இவற்றுள் எதுவும் இல்லையென்றால், கணினி தயாரித்தவர்கள் மீட்புக்காக மறைத்து வைத்த பகுதி இருக்கிறதா என்று வட்டு மேலாண்மைத் திரையில் தேடுங்கள். எதைச் செய்வதற்கு முன்பும் உள்ளிருப்பதைப் படியெடுத்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது, எண் கூடிக் காட்டும்போது எச்சரிக்கையாக இருப்பது. இன்று நம்ப முடியாத மலிவு விலையில் விற்கும் பென்டிரைவுகளிலும் வெளித்தட்டுகளிலும், உள்ளே சிறிய நினைவகத்தை வைத்துவிட்டுப் பெரிய எண்ணைச் சொல்லும்படி திரித்தவை உண்டு. எழுதும்போது எல்லாம் சரியாகவே நடப்பது போலத் தோன்றும். எல்லை கடந்ததும் புதியது பழையதை அழிக்கும், அல்லது எங்கும் பதியாமலே போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள், தட்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, ஒப்பிட்டுப் பார்க்கின்றன. கொள்ளளவை அறிய அதுவே நேர்வழி. சொன்னதை நம்பாமல் கொட்டி அளப்பது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நெல் இவ்வளவு என்பதோடு கல்வெட்டு நிற்பதில்லை. ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்றும், அம்மரக்கால் இராசகேசரி என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்றும் சேர்த்தே பொறித்திருக்கும். வகுப்பில் இதைச் சொல்லும்போது, வெறும் நிர்வாகச் சடங்கு என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். அளவின் பக்கத்தில் அளந்த கருவியின் பெயரையும் எழுதி வைத்தவர்கள், பின்னால் வரப்போகும் ஒருவன் அதே எண்ணை வேறு மரக்காலால் அளந்து பார்ப்பான் என்பதை அறிந்திருந்தார்கள்.

எங்கள் சேகரிப்பு இப்போது மூன்று தட்டுகளில், மூன்று வீடுகளில் இருக்கிறது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். அதில் கொள்ளளவைப் பைட் கணக்கில் முழு எண்ணாக, ஓர் இலக்கமும் விடாமல் எழுதியிருக்கிறோம். அடியில், வராமற்போன நானூறு பக்கங்களின் இதழ்ப் பெயரும் மாதமும் இருக்கின்றன. எவர் வீட்டுப் பரணிலாவது அவை இருக்கக்கூடும்.